பரணில் இருந்ததும் அரிசியில் இருந்ததும்

துளசிங்கம் போய்ச் சேர்ந்து பத்து மாதம் ஆகியும் வரலட்சுமி பரணில் இருந்த இரண்டு டப்பாக்களைக் கீழே இறக்கவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்த ஆள், "பரணைக் காலி பண்ணிக் குடும்மா" என்று கேட்டபோது, "பரணுக்கு வெள்ளை வேணாம், உடு" என்று சொல்லிவிட்டாள். அந்த ஆளும் சந்தோஷமாக விட்டுவிட்டான். வீடு முழுக்க வெளுத்திருக்க, பரண் மட்டும் பழைய நிறத்தில் நின்றது. நாத்தனார் ரத்தினம்மாள் மட்டும் ஒரு நாள் அண்ணாந்து பார்த்து, "இன்னாடி இது, மூஞ்சிக்குப் பவுடர் போட்டுட்டுக் கழுத்தை மறந்த மாதிரி" என்றாள். 

தை மாதம் பாதி போயிருக்கும். ஒரு முற்பகலில், தோளில் பை மாட்டிய பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள்.

"துளசிங்கம் சார் வீடு இதானுங்களா?"

"ஆங்."

"அவரு எப்ப வருவாருங்க?"

வரலட்சுமி ராட்டையை நிறுத்தினாள். அம்மையார்குப்பத்துத் தறிகளுக்கு நூல் சுற்றிக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. கையில் இருந்த நூலை அறுந்துவிடாமல் ஆணியில் மாட்டிவிட்டு, சுவரில் மாலை போட்டிருந்த படத்தைக் காட்டினாள். வந்த பெண்ணின் முகம் சுருங்கிப் போயிற்று. நின்ற இடத்திலேயே செருப்பைக் கழற்றினாள். மறுபடி போட்டுக்கொள்ளப் பார்த்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் பையிலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்து நீட்டினாள்.

"ஒண்ணரை வருசம் முன்னாடி எங்க காலேஜுக்கு எழுதியிருக்காருங்க. யாரோ வாங்கி அலமாரியில போட்டுட்டாங்க. போன மாசம்தான் என் கையில கெடச்சுது."

பெண்ணின் பெயர் சாய்லக்ஷ்மி. சொந்த ஊர் நகரி. திருப்பதியில் ஆராய்ச்சிப் படிப்பு. தேனீக்கள் கூட்டுக்குள் பூசும் பிசினைப் பற்றித்தான் அவள் ஆராய்ச்சி. கார்டில் இருந்தது துளசிங்கத்தின் கையெழுத்து. எறும்பு வரிசை போலச் சாய்ந்து சாய்ந்து போகும் எழுத்து.

'ஐயா, என்னிடம் இத்தாலித் தேனீப் பெட்டிகள் பன்னிரண்டு உள்ளன. ஆறு மலையடி மாந்தோப்பில், ஆறு கனகம்மாசத்திரம் ரோட்டோரம். மலையடிப் பிசின் டப்பாவுக்குச் சிவப்பு நூல் கட்டியுள்ளேன். ரோட்டுப் பிசினுக்கு நீல நூல். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. சோதித்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.'

வரலட்சுமி இரண்டு தடவை படித்தாள். 'இரண்டும் ஒன்றல்ல' என்ற இடத்தில் இரண்டு தடவையும் கண் நின்றது.

"அந்த டப்பாங்க இருக்குங்களா அக்கா?"

"இல்லம்மா."

"பொய் சொல்றாம்மா அவ" என்று உள்ளேயிருந்து ரத்தினம்மாள் குரல் வந்தது. முறத்தோடு வெளியே வந்தாள். "பரண்ல ரெண்டு டப்பா குந்திகினு இருக்குது. வெள்ளையடிக்கக்கூட எறக்க மாட்டேனுட்டா. உள்ள இன்னா பொதையலு வச்சிருக்காளோ."

*

கதை இதுதான். தொண்ணூற்றிரண்டில் அந்த வட்டாரத்தில் நாட்டுத் தேனீப் பெட்டிகள் எல்லாம் ஒரே பருவத்தில் நோய் வந்து காலியாயின. துளசிங்கமும் எட்டுப் பெட்டியை இழந்தவன். தறியில் உட்கார்ந்து பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டே ஒன்பது வருடம் காத்திருந்து, இரண்டாயிரத்தொன்றில் இத்தாலித் தேனீ வாங்கினான். நாட்டு ஈயைவிட இது பெட்டிக்குள் பிசின் அதிகம் பூசும். மரப்பட்டையிலும் துளிரிலும் கசியும் பாலைச் சுரண்டி, பின்னங்காலில் ஒட்டிக்கொண்டு வந்து, சந்து பொந்தையெல்லாம் அடைக்கும். பெட்டியைத் திறந்தால் மூடி, சட்டம் எல்லாம் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருக்கும். மற்றவர்கள் அதைத் திட்டிக்கொண்டே சுரண்டி எறிவார்கள். துளசிங்கம் சுரண்டி டப்பாவில் போடுவான். எங்கோ பயிற்சிக்குப் போனபோது, அதற்கு மருந்துக் குணம் உண்டு என்று கேட்டு வந்திருந்தான்.

"ஈ தன் வூட்டுல நோய் வராம இருக்கப் பூசுது வரலு. அது இன்னா முட்டாளா?" என்பான்.

டப்பாக்களுக்கு அடையாளம் கட்ட நூல் கேட்டான். வரலட்சுமி ராட்டை மூலையிலிருந்து இரண்டு துண்டு நூல் எடுத்துக் கொடுத்தாள். அங்கேதான் அவள் தவறு செய்தாள். நெசவு வீட்டில் இரண்டு வகை நூல் இருக்கும். கெட்டிச் சாயம் போட்டது புடவைக்குப் போகும். சாயம் நிற்காமல் ஒதுக்கிய நூல் வீட்டுக்கு: கீரைக் கட்டுக்கு, பொட்டலத்துக்கு, கொடிக்கு. நல்ல நூலை டப்பா கட்ட வீணாக்குவார்களா? அவள் அம்மா ஆக்கியிருக்க மாட்டாள். பாட்டியும் ஆக்கியிருக்க மாட்டாள். இவளும் ஆக்கவில்லை. பரணோ சிமெண்டு ஷீட்டுக் கூரைக்கு ஒரு முழம் கீழே. சித்திரையில் அங்கே கையை வைத்தால் தோசைக்கல் மாதிரி இருக்கும். ஷீட்டில் ஓர் ஓட்டை வேறு. அதன் வழியே வெயில் ஒரு பொட்டுப் போல விழுந்து நாள் முழுக்க நகரும். ஒரே வருடத்தில் சிவப்பும் வெளுத்தது, நீலமும் வெளுத்தது. இரண்டு டப்பாவிலும் ஒரே சாம்பல் நூல்.

இரண்டாயிரத்து மூன்றில் துளசிங்கத்துக்கு வாயில் புற்று என்று தெரிந்தது. சென்னையில் கதிர்வீச்சு, ஊர்ப் பேச்சில் கரண்ட், வைத்தார்கள். அதற்குப் பிறகு வாய் முழுக்கப் புண். சோறு இறங்கவில்லை. "அந்தப் பிசினைப் பிராந்தியில ஊற வச்சு, தேன்ல கலந்து வாயில தடவு" என்று அவனே சொன்னான். டாக்டரிடம் கேட்டதற்கு, "இதால நோய் போகாது. அவருக்கு ஆறுதலா இருந்தா கொஞ்சமா வச்சுக்குங்க" என்றார்.

பிராந்தி வாங்குவது யார்? கார்த்திகைக்குக் கார்த்திகை மலைக்கு மாலை போடும் வீடு. வரலட்சுமி தலைகுனிந்து நின்றபோது, அறுபது வயது ரத்தினம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே கடைக்குப் போனாள். அங்கே நின்ற ஆண்கள் எல்லோரும் வழிவிட்டார்களாம். "பாட்டிக்கு இன்னா வேணும்?" என்று கடைக்காரன் கேட்டதற்கு, "எனக்கு இல்ல, என் தம்பிக்கு. அவனுக்கும் இல்ல, ஈப்பிசினுக்கு. சீக்கிரம் குடு, உல வச்சிட்டு வந்திருக்கேன்" என்றாளாம். தெருவில் இது ஒரு வாரம் ஓடியது.

பிராந்திப் புட்டியை வீட்டில் வெளியே வைக்க முடியாது. உடம்பு விசாரிக்க ஆள் வந்தபடி இருந்தார்கள். அதனால் வரலட்சுமி அதை ரவிக்கைத் துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள், கழுத்து மறைய அமுக்கி வைத்தாள். வேண்டும்போது அரிசியைக் கிளறி எடுப்பாள்.

முதல் புட்டி மாசியில் தீர்ந்தது. இரண்டாவது புட்டிக்குப் பிசின் எடுக்கப் பரணில் ஏறினாள். கையை வைத்தபோதுதான் பார்த்தாள்: இரண்டு நூலும் ஒரே சாம்பல். உள்ளே பிசினும் சூட்டில் உருகி ஒட்டி, இரண்டிலும் ஒரே கருப்பு உருண்டை. கீழே துளசிங்கம் முனகிக்கொண்டிருந்தான். பிசின் என்றால் பிசின்தானே என்று, கைக்குக் கிட்டிய டப்பாவில் தட்டி எடுத்துக்கொண்டு இறங்கினாள். எடுத்த டப்பாவின் மூடி நெளிந்தது. அதனால் எந்த டப்பா என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அது மலையா, ரோடா என்பதுதான் தெரியாது.

அந்தப் புட்டியிலிருந்துதான் கடைசி இருபது நாளும் வாயில் தடவினாள். ஒரு நாள் அவன் அவள் கையைத் தள்ளிவிட்டான். "எரியுது" என்றான். பங்குனி முடிவதற்குள் போய்விட்டான்.

அதோடு போயிருந்தால் துக்கம் துக்கமாக மட்டும் இருந்திருக்கும். ஆவணியில் ரோட்டோரப் பெட்டிகளைக் கைமாற்றி விடலாம் என்று கனகம்மாசத்திரம் போனாள். நிலம் துளசிங்கத்தின் பெரியப்பா மகன் சுதாகருடையது. நெடுஞ்சாலை அகலம் செய்யும் வேலை இரண்டு வருடமாக அங்கே நடந்துகொண்டிருந்தது. சுதாகர் சிரித்துக்கொண்டே அவளை வேலியோரம் கூட்டிப்போனான்.

"அண்ணி, இங்க வந்து பாருங்க. உங்க ஈங்க எல்லாம் ரோட்டு கான்ட்ராக்ட் எடுத்துகினு இருக்குது."

வெயிலில் இளகிய தார் டிரம்மின் விளிம்பில் தேனீக்கள் உட்கார்ந்து, கருப்பை நூலாக இழுத்து இழுத்துக் காலில் ஒட்டிக்கொண்டிருந்தன. பிறகு எழும்பிப் பெட்டியைப் பார்த்துப் பறந்தன. சுதாகருக்கு அது வேடிக்கை. வரலட்சுமி பரண் டப்பாக்களை நினைத்தாள். அந்தப் பெட்டிப் பிசின்தானே நீல நூல் டப்பா? நெளிந்த மூடி டப்பா எது? புண்ணான வாயில் தாரைக் கரைத்துத் தடவினேனா? எரியுது என்றானே!

யாரிடமும் சொல்லவில்லை. ரத்தினம்மாளிடம் எப்படிச் சொல்வது? தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள்.

*

"பரண்ல இருக்குறதை எறக்குடி, பாவம் அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்கு" என்றாள் ரத்தினம்மாள்.

வரலட்சுமி சாய்லக்ஷ்மியைப் பார்த்தாள். "அதுல தார் இருந்தா உங்க சோதனையில தெரியுமாம்மா?"

சாய்லக்ஷ்மி விழித்தாள். "தாருங்களா?"

"ரோட்டுத் தாரு. ஈங்க எடுக்குது. நான் பாத்தேன்."

"எடுக்கும் அக்கா. மரப்பிசின் கெடைக்காத எடத்துல பெயின்ட்டு, தாரு எது ஒட்டுதோ அதை எடுக்கும். அதனாலதான் எந்த ஊருப் பிசின்னு கேக்குறோம். எந்தெந்த ஊரு, எங்க வச்சிருந்தாங்க, எவ்ளோ நாளு, இதுதான் என் படிப்பே." சற்று யோசித்துச் சொன்னாள்: "தார் இருக்குதான்னு நேரா பாக்குற மெஷின் எங்ககிட்ட இல்ல. சென்னைக்கு அனுப்பணும், மாசக்கணக்காகும். பிசினுக்குச் சக்தி இருக்குதான்னு எங்க காலேஜ்ல பாக்கலாம்."

"இன்னா சக்தி?"

"இரும்பு துருப்பிடிக்குது இல்ல? அந்த மாதிரி உடம்புக்குள்ளயும் ஒண்ணு நடக்கும். அதைத் தடுக்குற சக்தி. நல்ல மரத்துப் பிசின்ல நெறைய இருக்கும்."

"நான் வந்து கூட இருந்து பாக்கலாமா?"

"திருப்பதிக்கா?" என்று ரத்தினம்மாள் குறுக்கே புகுந்தாள். "அப்ப நானும் வரேன். அப்படியே அலமேலு மங்காபுரமும் போயிட்டு வந்துடலாம்."

சாய்லக்ஷ்மி அன்றே மாந்தோப்புப் பெட்டியிலும் ரோட்டோரப் பெட்டியிலும் புதுப் பிசின் சுரண்டி எடுத்துக்கொண்டு போனாள். ரோட்டுப் பெட்டிகளை இன்னும் யாரும் வாங்கியிருக்கவில்லை. ஒரு புதன்கிழமைக்கு நாள் குறித்தார்கள். செவ்வாய்க்கிழமை வரலட்சுமி ஏணி வைத்துப் பரணில் ஏறி இரண்டு டப்பாவையும் இறக்கினாள். பிறகு வெகுநேரம் யோசித்துவிட்டு, அரிசி டிரம்மில் முழங்கை வரை கைவிட்டுத் துழாவி, அந்த இரண்டாவது புட்டியையும் எடுத்தாள். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மிச்சம் இருந்தது. பத்து மாதமாக அரிசி தீரத் தீர அதன் மேலேயே புது அரிசியைக் கொட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். கொட்டும்போதெல்லாம் அது உள்ளே இருப்பது தெரியும். எடுக்கத்தான் கை வரவில்லை.

*

நகரி, புத்தூர், ரேணிகுண்டா என்று பஸ் நின்று நின்று போயிற்று. ரத்தினம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஏறுகிறவர்கள் புடவையையெல்லாம் இது எந்த ஊர் நெசவு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வரலட்சுமி மடியில் பை.

காலேஜில் சாய்லக்ஷ்மி வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தாள். மேஜையில் சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்கள். ஒரு புட்டியில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு திரவம். அந்த நிறத்தைப் பார்த்ததும் வரலட்சுமிக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. நிறம் என்றால் அவளுக்குத் தெரியும்.

"இது இந்தக் கலர்லதான் இருக்கும். சக்தி உள்ளதைச் சேர்த்தா கத்தரிப்பூ போயி மஞ்சளாயிடும். எவ்ளோ வெளுக்குதோ அவ்ளோ சக்தி. சக்தி இல்லைன்னா அப்படியே நிக்கும்" என்றாள் சாய்லக்ஷ்மி.

"அப்ப இதுல வெளுக்குறதுதான் நல்லது" என்றாள் ரத்தினம்மாள். "எங்க தொழில்ல வெளுத்தா உதைப்பாங்க."

முதலில் புதுப் பிசின்கள். எல்லாவற்றையும் ஆல்கஹாலில் கரைத்து, ஒரே அளவாக வடிகட்டி வைத்திருந்தாள். மாந்தோப்புப் பிசின் விழுந்ததும் கத்தரிப்பூ கலங்கி, சிவந்து, அரை மணிக்குள் எலுமிச்சை மஞ்சளாகியது. ரோட்டோரப் பிசின் விழுந்த குழாயில் கத்தரிப்பூ லேசாக மங்கியதோடு சரி.

"பாத்தீங்களா? ஒரே ஈ, ஒரே மாசம். எடம்தான் வேற. சார் எழுதினது சரிதான்."

வரலட்சுமி தலையசைத்தாள். இதெல்லாம் அவளுக்கு வேண்டியதில்லை. "டப்பாவைப் பாரும்மா" என்றாள்.

நெளிந்த மூடி டப்பாவிலிருந்து ஒரு குழாய். மற்றதிலிருந்து ஒரு குழாய். அரை மணி என்று கடிகாரத்தை வைத்தாள் சாய்லக்ஷ்மி. வரலட்சுமி கண்ணை எடுக்கவில்லை. நெளிந்த மூடிக் குழாய் கொஞ்சம் மங்கியது, பிறகு நின்றுவிட்டது. மற்றதும் கிட்டத்தட்ட அப்படியே. மஞ்சள் என்று சொல்ல எதிலும் ஒன்றும் இல்லை.

"அப்ப... இது ரோட்டுப் பிசினா?" என்றாள் வரலட்சுமி.

"சொல்ல முடியாதுங்க அக்கா. எங்க வச்சிருந்தீங்க?"

"பரண்ல. சிமெண்டு ஷீட்டுக்குக் கீழ."

சாய்லக்ஷ்மி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சூட்டுலயும் வெளிச்சத்துலயும் வச்சா நல்ல பிசினும் சக்தி போயிடும். மொத்தம் ரெண்டு கோடை அங்கேயே இருந்திருக்கு. இது ரோட்டுதா இருந்தாலும் இப்படித்தான் காட்டும். மலையுது கெட்டுப்போயிருந்தாலும் இப்படித்தான் காட்டும்."

வரலட்சுமி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ரத்தினம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் விளையாட்டு இல்லை.

"இன்னாடி உனக்கு? எது எந்த ஊருதா இருந்தா இன்னா?"

வதினா என்றுதான் நாத்தனாரைக் கூப்பிடுவாள் அவள். "வதினா," என்று ஆரம்பித்து, ஆவணியிலிருந்து உள்ளே வைத்திருந்ததை அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டாள். தார் டிரம்மை, வெளுத்த நூலை, நெளிந்த மூடியை, எரியுது என்றதை. கோர்வையாக வரவில்லை. சாய்லக்ஷ்மி குழாயைக் கையில் பிடித்தபடி நின்றாள். சொல்லி முடித்ததும் பையிலிருந்து ரவிக்கைத் துணிச் சுருட்டை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இதான் அந்தப் புட்டி."

"இதை எங்க வச்சிருந்தீங்க?" சாய்லக்ஷ்மி குரல் திடீரென்று மாறியது.

"அரிசி டிரம்ல. யாரும் பாக்கக் கூடாதுன்னு."

"எப்பலேர்ந்து?"

"பண்ணினதுலேர்ந்து. வாயில தடவறதுக்கு மட்டும் எடுப்பேன். அவரு போனப்புறம் தொடவே இல்ல."

"அக்கா! இருட்டு, குளுமை, இறுக்கி மூடின புட்டி. நாங்க ஃப்ரிட்ஜ்ல வைக்கிறதை நீங்க அரிசியில வச்சிருக்கீங்க." அவள் பரபரவென்று ஒரு புதுக் குழாயை எடுத்தாள். "நீங்க கரைச்சப்போ டப்பாவுக்குள்ள என்ன இருந்துச்சோ, அது இதுல அப்படியே நிக்கும். ரோட்டுப் பிசின் புதுசுலயே மஞ்சளாகல, நீங்களே பாத்தீங்க. இது மஞ்சளாச்சுன்னா..."

 சொட்டு விட்டாள்.

கத்தரிப்பூவுக்குள் பழுப்பு இறங்கியது. நடுவில் சிவப்பு ஓடியது. பிறகு ஓரத்திலிருந்து, ஊறப்போட்ட துணியில் சாயம் கழன்று போவது போல, கத்தரிப்பூ கழன்றது. கடிகாரத்தில் கால் மணிகூட ஆகவில்லை. குழாய் பூசுமஞ்சள் நிறத்தில் நின்றது.

 ரத்தினம்மாள்தான் முதலில் பேசினாள். "அது பிராந்தி வேலையா இருந்தா?"

சாய்லக்ஷ்மி திரும்பிப் பார்த்தாள். சிரிப்பாள் என்று வரலட்சுமி நினைத்தாள்; அவள் சிரிக்கவில்லை. "நல்ல கேள்விங்க அத்த. வெறும் பிராந்தியும் பாக்கணும். ஆனா எங்க லேப்ல அது கெடையாது."

ரத்தினம்மாள் புடவையை இழுத்துச் செருகினாள். "கடை எந்தப் பக்கம்?"

"அத்த, நான் வேணா யாரையாவது..."

"நீ படிக்கிற பொண்ணு, நீ போவக் கூடாது. எனக்குப் பழக்கம்தான்."

முக்கால் மணி கழித்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள். "பெருமாள் ஊர்லயே வாங்க வச்சிட்டான் எந்தம்பி" என்று சொல்லி மேஜையில் வைத்தாள். அதே வகைதான். கொஞ்சம் தேனும் விட்டுக் கலந்து, ஒரு சொட்டு விட்டார்கள். கத்தரிப்பூ சற்றே மங்கி, அதோடு நின்றது. அரை மணி பார்த்தார்கள். முழுதாக ஒரு மணி பார்த்தார்கள். நின்றது நின்றதுதான்.

"அப்ப அது மலையடிப் பிசின்தான்" என்றாள் சாய்லக்ஷ்மி. "எனக்குச் சந்தேகமே இல்ல."

வரலட்சுமி நெளிந்த மூடி டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கழுத்தில் கட்டியிருந்த சாம்பல் நூலைத் தடவினாள். அதில் துளசிங்கம் போட்ட முடிச்சு. தறியில் அறுந்த பாவு இழையைப் பிணைப்பது போன்ற முடிச்சு. சிறுத்து, கல்லாக இறுகியிருந்தது. நெசவுக்காரிக்கு இது தெரியாத சங்கதி இல்லை. வெளியே வெயில் பட்ட நூல் வெளுக்கும். முடிச்சுக்குள்ளே வெயில் போகாது. அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே பழைய நிறம் இருக்கும். ஆவணி மாதம் கனகம்மாசத்திரத்திலிருந்து பஸ்ஸில் திரும்பும்போதே அவளுக்கு இது தோன்றிவிட்டது. தோன்றியதால்தான் பரண் பக்கம் போகவில்லை. அவிழ்த்துப் பார்த்து உள்ளே நீலம் இருந்தால்? அதற்கப்புறம் அந்த நீலத்தோடுதானே மிச்ச நாளையெல்லாம் கழிக்க வேண்டும்?

இப்போது நகத்தால் முடிச்சை நெருடினாள். இளகவில்லை. குனிந்து பல்லால் இழுத்தாள். ரத்தினம்மாள் கிட்டே வந்து குனிந்தாள்; சாய்லக்ஷ்மியும் குனிந்தாள். முடிச்சு இளகி, நூல் இரண்டாகப் பிரிந்து, சுருண்டு மேஜையில் விழுந்தது.

நடுவில் ஒரு நெல்மணி நீளத்துக்குச் சிவப்பு. அன்றைக்குத்தான் சாயத் தொட்டியிலிருந்து எடுத்தது போல, குங்குமச் சிவப்பு.

வரலட்சுமி அழவில்லை. வாயைத் திறந்து, நெடுநேரம் தண்ணீருக்குள் இருந்துவிட்டு மேலே வந்தவள் போல மூச்சு விட்டாள். பிறகு இன்னொரு மூச்சு. "பசிக்குது வதினா" என்றாள்.

"பசிக்காம? காலையிலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல நீ" என்று ரத்தினம்மாள் அதட்டினாள். 

*

அலமேலு மங்காபுரம் போய்விட்டுத் திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. புத்தூர் தாண்டும்வரை ரத்தினம்மாள் யார் புடவையையும் பார்க்கவில்லை. அது அவள் வழக்கம் இல்லை.

"எரியுதுன்னான்னு சொன்னியே," என்றாள் கடைசியில், "அவன் எல்லாத்துக்கும்தான் எரியுதுன்னான். எளநீருக்குச் சொன்னான். தண்ணிக்குச் சொன்னான். நான் போட்ட விபூதிக்கே எரியுதுன்னான். வாயெல்லாம் புண்ணுடி. பிராந்தி பட்டா எரியத்தான் எரியும்."

"அவரு என் கையைத் தள்ளினாரே வதினா."

"தள்ளினான். மறுநாள் நீ அம்மையார்குப்பத்துக்கு நூல் எடுக்கப் போனியே, அப்ப என்ன சொன்னான் தெரியுமா? 'அக்கா, வரலு குடுக்குமே கருப்புத் தண்ணி, அது எங்க?'ன்னான். அரிசி டிரம்ல தேடி நான்தான் எடுத்துக் குடுத்தேன். அவனே வெரலால தொட்டு வச்சிகினான். எரியுதாடான்னேன். 'எரியும், அப்புறம் மரத்துப் பூடும். அப்பதான் கொஞ்சம் தூங்குவேன்'னான்."

வரலட்சுமி அவளைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கல. நீ இப்படி ஒண்ணை வயித்துல கட்டிகினு இருக்கேன்னு எனக்கு ஜோசியமா தெரியும்? அவன் போயி பத்து மாசம்! புள்ளையா பெத்துருக்கலாம்."

வரலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்புறம் அது வேறு தண்ணீராக மாறி, நகரி வரைக்கும் வந்துகொண்டே இருந்தது. ரத்தினம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு அவள் கையை மட்டும் பிடித்திருந்தாள். திருத்தணி மலை தெரிந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ரோட்டு டப்பாவைச் சாய்லக்ஷ்மி ஆராய்ச்சிக்கு வைத்துக்கொண்டாள். அதை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளச் சொல்லிவிட்டு வந்திருந்தாள் வரலட்சுமி. ரோட்டோரப் பெட்டிகள் ஆறையும் மறுவாரமே மாந்தோப்புக்கு மாற்ற ஏற்பாடு செய்தாள். சுதாகர், "ஏன் அண்ணி, ரோட்டு வேலை பாதியில நின்னுடுமே" என்றான். "உன் ரோட்டுக்கு நீயே காலை வச்சு ஒட்டிக்கோ" என்றாள்.

மாந்தோப்பில் புதிதாகச் சுரண்டிய பிசின் ஒரு கைப்பிடி இருந்தது. நெளிந்த மூடி டப்பாவைக் கழுவிக் காயவைத்து, அதில் அதைப் போட்டாள். கழுத்தில் கட்ட நூல் வேண்டும். ராட்டை மூலையில் ஒதுக்கிய நூல் கிடந்தது. அதைத் தாண்டிப் போய், ஒரு முகூர்த்தப் புடவைக்காக வந்திருந்த கெட்டிச் சாயச் சிவப்பிலிருந்து ஒரு முழம் அறுத்தாள். அம்மா இருந்திருந்தால் கையை ஒடித்திருப்பாள். இறுக்கி முடிச்சுப் போட்டு, டப்பாவை அரிசி டிரம்முக்குள் அமுக்கி, மேலே அரிசியை நிரவினாள். பரண் காலியாக இருந்தது. மறுநாள் அவளே ஏணி போட்டு ஏறி அதற்கும் வெள்ளையடித்தாள்.

அன்று மதியம் ரத்தினம்மாள் சாப்பிட உட்கார்ந்தாள். முதல் உருண்டையை வாயில் வைத்து, கொஞ்சம் நிறுத்தி, வரலட்சுமியைப் பார்த்தாள்.

"இந்த அரிசியில இன்னும் பிராந்தி வாசன அடிக்குதுடி."

"வேற அரிசி வடிக்கட்டுமா வதினா?"

"இதை யார் வேணாம்னா? இன்னும் ஒரு கரண்டி போடு."